பத்து வினாடி

சிலிம் ரிவர் கோப்பிக்கடையில்
இன்றைக்கும் யாராவது ஒருத்தர்
சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே கேட்பார்:
"ஒரு பத்து வினாடி, போர்ட்டரே,
கூட விட்டிருந்தா என்ன,
ரயிலா கவுந்திருக்கும்?"

நான் ரயிலடியில் வேலை பார்த்தவன்.
நேரத்தைக் கூட்டிக் கொடுத்தும் பழக்கமில்லை,
குறைத்தும் பழக்கமில்லை.
அதனால்தான் எழுபத்தொன்றில்
சினிமாக் கொட்டகை பெஞ்சுகளை வெளியே போட்டு
பலகை அடித்துக் கயிறு கட்டியபோது
மணியடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.
மணி என்றால் மணியில்லை.
ஒரு முழத் தண்டவாளத் துண்டு, ஒரு போல்ட்டு.

தைப்பிங் முகாமிலிருந்து கோப்பரல் ஹம்டான்.
இருபத்தோரு சண்டை, ஒன்றிலும் தோல்வியில்லை.
புதுச் சப்பாத்து.
எங்கள் பக்கம் சவரிமுத்து.
அன்று விடியலிலும் முந்நூறு மரம் வெட்டி
பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான்
லோரி ஏறி வந்தான்.
விரலிடுக்கில் காய்ந்த பால்
அப்படியே கையுறைக்குள் போனது.

முதல் சுற்றில் சொல்ல ஒன்றுமில்லை.
இரண்டாவதில் ஹம்டானின் நெற்றியில்
இவன் வலது பட்டது.
சத்தம் வேறு மாதிரி கேட்டது,
சுள்ளி மிதிபட்ட மாதிரி.
மூலையில் டிரஸர் தேவசகாயம்
கையுறையை அமுக்கிப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு நான்கு சுற்றும் ஒற்றைக் கையால்.

உண்மையைச் சொன்னால்
அதுவரை அவன் அப்படியொன்றும் பெரிய ஆளில்லை.
கம்பாரில் ஒரு மீன்காரனிடம்
மூன்றே நிமிஷத்தில் படுத்தவன்.
அன்றைக்குத்தான்
மரத்துக்குக் காயம் படாமல்
பட்டையை மட்டும் சீவுகிற அந்தக் கணக்கு
இடது தோளிலிருந்து இறங்கி வந்தது.
ஹம்டான் குத்திய இடத்தில் அவன் இல்லை.
நின்ற இடத்திலும் முழுசாக இல்லை.
வலது கை மட்டும் மாரோடு ஒட்டிக் கிடந்தது,
தூங்குகிற பிள்ளையை வைத்திருப்பதுபோல.

ஐந்தில் விழுந்தான். எட்டு எண்ணுவதற்குள் எழுந்தான்.
ஆறில் கோப்பரலின் முழங்கால் மடிந்தது.
கயிற்றைப் பிடித்தான்.
டிக்கெட் விற்ற தவுக்கே லிம்
காசுப்பெட்டியை மறந்து நாற்காலிமேல் ஏறினார்.
முள் பன்னிரண்டைத் தொட்டது.
அடித்தேன்.

மூன்று நடுவர்களில் இரண்டு பேர் கோப்பரலுக்கு.
அவன் கையைத் தூக்கியபோது
ஜெயித்த முகமாகவே இல்லை.
இந்தப் பக்கம் நடந்து வந்து
மலாயில் கேட்டான்:
"கை எப்போது போனது?"
"எந்தக் கை?" என்றான் சவரிமுத்து.

அன்றிரவே என் ஜன்னலில் கல் விழுந்தது.
சம்சுக் கடையில் எனக்கு ஊற்ற மறுத்தார்கள்.
பள்ளியில் என் மகனுக்குப் பேர்
பத்து வினாடி.

மூன்று மாதம் கழித்து
கோலாலம்பூர் வண்டிக்கு நின்றான் சவரிமுத்து.
கை கோணலாகக் கூடியிருந்தது, கத்தி பிடிக்க ஆகாது.
ஏதோ கிடங்கில் காவல் வேலையாம்.
நானே கேட்டுவிட்டேன்.
பீடி நெருப்பைப் பார்த்தபடி சொன்னான்:
"அண்ணே, அந்த முள்ளு இன்னும் பத்து நகந்திருந்தா
நான் விழுந்திருப்பேன்.
கண்ணு இருட்டிப் போச்சு.
கயித்தப் புடிச்சது அவனா நானான்னே தெரியல.
நீங்க அடிச்ச அடிதான்
என்னை நிக்க வெச்சுது."
அன்று வண்டி நான்கு நிமிடம் தாமதம்.
வந்தது. பச்சைக்கொடி காட்டினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
கொட்டகை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை.
எண்பதில் பிறந்தவன்கூட
அந்தச் சண்டையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறான்.
அவன் கதையில் சவரிமுத்து ஜெயிக்க
எப்போதும் பத்து வினாடி பாக்கியிருக்கிறது.

இருக்கட்டும்.
"ஆமாப்பா, அவசரப்பட்டுட்டேன்" என்பேன்.
என் கோப்பிக்கும் சேர்த்து
அவர்களே காசு கொடுப்பார்கள்.